சின்னப் பிள்ளைகளும் தேனீயும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

"ராஜா தேனீ எவ்வளவு பெரிது என்று மகள் கேட்கிறாள்." (கல்முனை)

ராஜாவே கிடையாது. கூட்டுக்கு ஒரு ராணி. வேலைக்காரத் தேனீக்கள் அத்தனையும் பெண். ஆண் தேனீக்குக் கொடுக்கே இல்லை.

"பூவில் தேனீ களவெடுக்கிறது என்கிறான் ஐந்து வயது மகன். எப்படித் திருத்துவது?" (வாழைச்சேனை)

அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள், அவன் சொல்வது பாதி சரி. தேனீ தன் சாப்பாட்டுக்குத்தான் வருகிறது. பூவின் மகரந்தத் தூள் மயிரில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்வதுதான் அது அறியாமல் நடப்பது.

"படம் காட்டி மகரந்தச்சேர்க்கை படிப்பித்தோம். மறுநாள் கேட்டால், 'தேனீ காய்க்குள் தேன் ஊற்றும்' என்கிறார்கள்." (முன்பள்ளி ஆசிரியை, கொக்கட்டிச்சோலை)

டீச்சர், பிழை பிள்ளைகளில் இல்லை. தமிழில் பூவுக்குள் இருப்பதும் தேன், போத்தலில் இருப்பதும் தேன். பூவில் உள்ளதை நான் 'இனிப்புத் தண்ணீர்' என்றே சொல்வேன். அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய், வாய்க்கு வாய் மாற்றி, சிறகால் விசிறி வற்றவைத்த பிறகுதான் தேன்.

மகரந்தமோ படத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அது ஐந்து வயதுக்கு என்ன சொல்லும்? வேலியில் பூசணிக்கொடி படர்ந்து கிடக்க, சுவரில் படம் ஒட்டிப் பாடம் நடத்துவது எனக்கு நெடுநாள் மனக்குறை. காலை எட்டு மணிக்கு முன் கொடியடிக்குக் கூட்டிப் போங்கள். வெயில் ஏறினால் பூ கூம்பிவிடும். ஆண் பூவைத் தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டும். அதே விரலால் பெண் பூவின் நடுவைத் தொடட்டும். அதன் அடியில் குட்டிப் பூசணி இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். விரியப்போகும் இன்னொரு பெண் பூவை முதல் நாள் மாலையே மெல்லிய துணியால் கட்டிவையுங்கள். ஒரு கிழமையில் தொட்ட பிஞ்சு பருக்கும், கட்டியது மஞ்சளித்து விழும். மருந்தடித்த கொடி மட்டும் வேண்டாம்.

"பூசணிப் பூவெல்லாம் உதிர்கிறது. தேனீ குறைவா?" (அம்பாறை)

ஆண் பூவா, பெண் பூவா? அதை எழுதவில்லையே. ஆண் பூ எப்படியும் உதிரும். திரும்பவும் சொல்கிறேன், எட்டு மணிக்கு முன் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

"வயலுக்கும் தேனீ வேண்டுமா?" (சம்மாந்துறை)

நெல்லுக்கு வேண்டாம். வளவில் நிற்கும் பாகல், பீர்க்கு, வெள்ளரிக்கு வேண்டும்.

"முன்பள்ளிக் கூரையில் கூடு. ஆபத்தா?" (அக்கரைப்பற்று)

தேனீயா குளவியா, எவ்வளவு பெரிது, ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படி? பந்தம் கொளுத்தாதீர்கள், கல்லெறிய விடாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், கூடு எடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பூவடியில் தேனீ வந்தால் கை வீசாமல் அசையாமல் நிற்கவும், கூடு கலைந்தால் ஓடிவந்து உள்ளே புகுந்து கதவைச் சாத்தவும் இன்றே பழக்குங்கள்.