சுரபுன்னைக் காய் ஈட்டியா, படகா? – விதைகள் குறித்த கேள்வி பதில்

கடலூரில் நாற்றங்கால் வைத்திருக்கிறேன். விதைகள் பரவி முளைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்:

பண்ருட்டி: பலாக்கொட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூன்று மாதம் கழித்து ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லையே?

காயவைத்ததுதான் காரணம். நெல், உளுந்து போல உலர்ந்து உறங்கும் விதை அல்ல பலா. ஈரம் வற்றினால் உயிர் போய்விடும். வழவழப்புப் போகக் கழுவி, சுளையிலிருந்து எடுத்த சில நாள்களுக்குள் ஊன்றுங்கள்.

லாஸ்பேட்டை: வேப்பங்கொட்டையைக் களிமண்ணில் வைத்து உருட்டி விதைப்பந்து செய்து, ஐப்பசி மழைக்காக எடுத்து வைத்திருக்கிறோம். சரியா?

சரியில்லை. வேப்ப விதையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே விழத் தொடங்கும். ஆடியில் உதிர்ந்ததைக் களிமண்ணுக்குள் பூட்டி ஐப்பசிவரை வைத்தால் பெரும்பாலானவை முளைக்காது. சதையை நீக்கி, நிழலில் ஆறவிட்டு, உடனே மண் நிரப்பிய நாற்றுப் பையில் ஊன்றுங்கள். எந்த விதையானாலும், உலர்த்தலாமா என்று தெரிந்துகொள்ளாமல் உலர்த்தாதீர்கள்.

வில்லியனூர்: பையில் முளைத்த பனையைப் பெயர்த்து நட்டேன், பட்டுப்போனது.

பனை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். கொட்டையிலிருந்து ஒரு தண்டு மண்ணுக்குள் இறங்கி, ஆழத்தில் கிழங்காகும். நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். பெயர்க்கும்போது அது முறிந்துவிடும். மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே கொட்டையைப் புதையுங்கள்.

கிள்ளை: பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சுரபுன்னைக் காய் மரத்திலிருந்து ஈட்டிபோல விழுந்து சேற்றில் குத்தி நிற்கும் என்கிறார்களே?

தொங்குவது வெறும் காய் அல்ல. விதை மரத்திலேயே முளைத்து, காயைத் துளைத்துக்கொண்டு பச்சைக் கோலாக நீள்கிறது. உப்பிலும் அலையிலும் முதல் நாள்களைக் கழிக்க வேண்டிய பிள்ளையைத் தாய் ஓரளவு வளர்த்தே அனுப்புகிறது. நீர் வற்றியிருக்கும் நேரத்தில் விழுந்தால் சில குத்தி நிற்கும். நீர் ஏறியிருக்கும் நேரத்தில் விழுந்தால் மிதக்கும். முதலில் படுத்து, பின் அடிமுனை கனத்து நிமிர்ந்து, மண்ணைத் தொடும் இடத்தில் வேர் பிடிக்கும்.

கிள்ளை, மறுபடியும்: தாய்மரத்தடியிலேயே கூட்டமாக நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மிதந்தது எங்கே?

பார்த்தது உண்மை, காரணம் ஒன்று மட்டுமல்ல. மிதந்தவையும் முட்டு வேர்களில் சிக்கி அங்கேயே தங்கும். அடுத்த முறை கன்றின் அடியைப் பாருங்கள். நேராக இருந்தால் குத்தி நின்றதாக இருக்கலாம். வில்லாக வளைந்திருந்தால், படுத்தபடி வேர்விட்டுப் பிறகு எழுந்தது.

நெல்லிக்குப்பம்: விதைப்பந்தில் பலாக்கொட்டை வைக்கலாமா?

பண்ருட்டிக்குச் சொன்னதே பதில்.

திருப்பாதிரிப்புலியூர்: விதைப்பந்தை எத்தனை நாள் காயவைக்க வேண்டும்?

விதைப்பந்துக் கேள்வி இது மூன்றாவது. உள்ளே என்ன விதை என்று சொல்லாமல் நாள் கேட்காதீர்கள்.

தேவனாம்பட்டினம்: மணலில் உருண்டோடும் முள் பந்து எது?

இராவணன் மீசையின் பெண் செடித் தலை. காற்றில் உருண்டுகொண்டே விதை உதிர்க்கும். பிடுங்காதீர்கள், மணல்மேட்டைக் கட்டிப் பிடிப்பது அந்தப் புல்.

கிள்ளை, மூன்றாம் முறை: அவ்வளவு காய் மிதந்தும், வெட்டி அழிந்த இடங்கள் ஏன் வெறுமையாகக் கிடந்தன?

நல்ல கேள்வி. மொத்தமாக மரம் வெட்டியதில் மண் தாழ்ந்து தொட்டியானது. ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கி, வெயிலில் வற்ற வற்ற உப்பு கூடியது. அந்த உப்பில் கன்று நிற்காது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். கன்றுகள் நின்றன. கன்றைக் கொண்டுபோய் நடுமுன் அங்கே தண்ணீர் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு காயையும் பறிக்க வேண்டாம்.