திருகோணமலையில் குளிர் முடிந்து வசந்தம் வருவதை எப்படி அறிவது?

கடலையும் காற்றையும் பார்த்தே அறியலாம். ஏறத்தாழ 8.5 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே சுமார் ஒரு மணிநேரமே வேறுபாடு; அதனால் பகலின் நீளத்தை வைத்துப் பருவமாற்றத்தை உணர்வது கடினம். நவம்பர், டிசம்பரில் கொட்டும் மழை தையில் தணியத் தொடங்கும். மாசியில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்றும் வலுவிழக்க, நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கொந்தளித்த அலைகள் மெல்ல அடங்கும். விடியற்காலையில் மட்டும் இதமான குளிர் மிஞ்சியிருக்கும். ஆண்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாரங்கள் இவை. மாமரங்கள் பூத்திருக்கும், குயில் கூவத் தொடங்கும். வேம்பு சற்றுப் பிந்தி, பங்குனி சித்திரையில்தான் பூக்கும். நிலாவெளிக்கு அருகே கடலிலுள்ள புறாத்தீவுக்குப் போக விரும்பினால் மாசியில் அவசரப்படாதீர்கள். மே மாதமளவில் கடல் நன்கு அமைதியாகி நீரும் தெளிந்திருக்கும்.