எல்.டி.எல். குறைந்தால் மூளை மங்குமா?

கேள்வி: வயது 47. சர்க்கரை, பி.பி. இல்லை. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 168. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்க அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. மாத்திரை எழுதியிருக்கிறார். ‘மூளையே கொழுப்புதான், மாத்திரை போட்டால் மறதி வரும்’ என்று வீட்டில் தடுக்கிறார்கள். போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வீட்டில் சொல்வதில் முதல் பாதி சரி. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளையில், உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. பெரும்பகுதி, நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையில். ஆனால் அது ரத்தத்திலிருந்து போய்ச் சேர்ந்ததல்ல. எல்.டி.எல். துகள்கள் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே காவல் போல இருக்கும் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவதில்லை. மூளையிலுள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்கள் கொலஸ்ட்ராலை அங்கேயே தயாரித்து, அப்போ-ஈ புரதத்தில் ஏற்றி நியூரான்களுக்கு அனுப்புகின்றன. மிஞ்சுவது 24-ஹைட்ராக்ஸி கொலஸ்ட்ராலாக மாறி, நாளுக்கு 6-7 மி.கி. அளவில் ரத்தத்துக்கு வந்து கல்லீரலில் கழிகிறது. உங்கள் ரிப்போர்ட்டின் 168-க்கும் மூளையில் உள்ள கையிருப்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

எல்.டி.எல். மூளையைத் தாக்குவது ரத்தக் குழாய் வழியாக. கழுத்துத் தமனியில் படிந்து பக்கவாதத்துக்கு வழி செய்யும். நடுவயதில் கூடுதலாக இருக்கும் எல்.டி.எல்.லை, டிமென்ஷியாவின் (மறதி நோய்) தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் ஒன்றாக 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சேர்த்தது.

மறதி பயத்துக்கு நல்ல பதில் 2017-ல் வந்த எப்பிங்ஹாஸ் ஆய்வு. ஸ்டாட்டின் (அடோர்வாஸ்டாடினும் இந்த வகைதான்) எடுத்துவந்த 1,204 பேரில் ஒரு பிரிவினருக்கு எவலோகுமாப் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் ஊசியும் போட்டு எல்.டி.எல்.லை மிகக் கீழே இறக்கினார்கள். சுமார் 19 மாதம் கழித்தும் நினைவாற்றல் சோதனையில் மற்றவர்களோடு வித்தியாசமில்லை. அபூர்வமாகச் சிலர் மந்தமாக இருப்பதாகச் சொல்வதுண்டு. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படித் தோன்றினால் நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார்.

தொடங்கும் முன் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தால் எல்.டி.எல்.லும் ஏறும், மறதியும் வரும். பழியோ மாத்திரை மேல் விழும். சைவம் சாப்பிடுபவர் என்றால் பி12-ம் பாருங்கள். அடோர்வாஸ்டாடினை ராத்திரிதான் போட வேண்டும் என்பதில்லை, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். 6-8 வாரத்தில் லிப்பிட் டெஸ்ட் (கொலஸ்ட்ரால் பரிசோதனை) மறுபடி எடுங்கள். காரணமில்லாமல் தசை வலித்தாலோ சிறுநீர் கருத்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: கொலஸ்ட்ரால் மூளையைச் சுருக்கியிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: அறிகுறி இல்லையென்றால் வேண்டாம். கொலஸ்ட்ரால் அளவுக்கும் மூளையின் பருமனுக்கும் உள்ள தொடர்பு, நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில்தான் தெரியும். ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து ‘இது கொலஸ்ட்ரால் செய்தது’ என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில் பி.பி. கருவி ஒன்று வாங்கி வீட்டில் அளந்து எழுதி வாருங்கள். மூளையில் நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதியைக் கெடுப்பதில் ரத்த அழுத்தத்தின் பங்குதான் பெரிது.