ஒன்பதும் ஆறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் வசிக்கிறேன். என் .22 ரைஃபிளில் 3-9 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி) பொருத்தி, 50 கெஜத்தில் நடுச்சிலுவை காட்டும் இடத்திலேயே தோட்டா படும்படி ஜீரோ செய்திருக்கிறேன். ஸ்கோப்பை 9இல் வைத்து மேசையிலிருந்து சுடும்போது, 100 கெஜத்து இரும்புத் தட்டுக்கு நடுச்சிலுவைக்குக் கீழே உள்ள இரண்டு மில் (கோண அளவு) கோடு சரியாக வருகிறது. போட்டியில் தட்டைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்காக 6இல் வைத்தேன். அதே கோட்டில் குறிவைத்தும் தோட்டாக்கள் தட்டுக்கு மேலே போய்விட்டன. நண்பர்கள் வேறு ஸ்கோப் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

ரா.

அன்புள்ள ரா.,

வேண்டாம். உங்கள் ஸ்கோப்பில் பழுது எதுவும் இல்லை.

3-9 ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் ரெட்டிகிள், அதாவது சிலுவையும் கோடுகளும், இரண்டாவது குவியத் தளத்தில் (உருப்பெருக்கும் லென்சுகளுக்குப் பின்னால், கண்ணின் பக்கம்) இருக்கும். உருப்பெருக்கத்தைக் குறைத்தால் இலக்கு சிறுக்கும், கோடுகள் சிறுக்காது. 9இல் இரண்டு மில்லாக இருந்த இடைவெளி 6இல் மூன்று மில் ஆகிவிடுகிறது. 100 கெஜத்தில் ஒரு மில் 3.6 அங்குலம், ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் தோட்டாக்கள் மேலே போயிருக்கும். நடுச்சிலுவைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால் நடுச்சிலுவையால் குறிவைக்கும் 50 கெஜத்தில் வித்தியாசமே தெரியாது.

இரண்டு வழிகள் உண்டு. கோட்டை நம்புவதானால் 9ஐ விட்டு நகராதீர்கள். 6இன் அகன்ற பார்வைதான் வேண்டுமென்றால், ஸ்கோப்பின் மேல்திருகைத் (தோட்டா படும் இடத்தை மேலும் கீழும் மாற்றுவது) திருப்பி நடுச்சிலுவையால் குறிவையுங்கள். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். ஆனால் அடுத்த இலக்குக்குப் போகுமுன் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது கைப்பழக்கமாக வேண்டும்.

எவ்வளவு திருப்புவது என்பதைத் தோட்டாப் பெட்டியின் அட்டவணையில் தேடாதீர்கள். நொடிக்கு 1070 அடி வேகத்தில் புறப்படும் 40 கிரெய்ன் எடையுள்ள தோட்டா, 50 கெஜ ஜீரோவுக்கு 75 கெஜத்தில் ஏறத்தாழ இரண்டரை அங்குலமும் 100 கெஜத்தில் ஏழு அங்குலமும் தாழும். இது தொடங்குவதற்கான கணக்கு மட்டுமே. ஸ்கோப்பின் உயரமும் தோட்டாவின் ரகமும் அதை மாற்றிவிடும். காகித இலக்கில் ஒவ்வொரு தூரத்திலும் பத்துத் தோட்டாக்கள் சுட்டு, உங்கள் ரைஃபிளின் எண்களை நீங்களே எழுதுங்கள்.

தாழ்வைக் குறைக்க அதிவேகத் தோட்டாவுக்கு மாறவேண்டாம் என்றும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் .22 தோட்டாவைப் பக்கக்காற்று இன்னும் அதிகமாகத் தள்ளும். தாழ்வு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது, எழுதிவைக்கலாம். காற்றை அப்படி எழுதிவைக்க முடியாது.

பேரலாக்ஸையும், அதாவது கண் நகர்ந்தால் சிலுவையும் இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரிவதையும், ஒருமுறை பாருங்கள். ரைஃபிளை அசையாமல் வைத்து, தலையை மட்டும் மெல்ல நகர்த்துங்கள். 50 கெஜ இலக்கின்மேல் சிலுவை நகர்ந்தால், அது பெரிய ரைஃபிள்களுக்காக 100 கெஜத்துக்கோ அதற்கு மேலோ சரிசெய்யப்பட்ட ஸ்கோப்பாக இருக்கலாம். அப்படியானால் மட்டும் மாற்றுவதைப் பற்றி மறுபடி பேசுவோம்.