மஞ்சள் குருத்து வெளுக்கிறது; அன்னபேதி போட்டும் பச்சை திரும்பவில்லை

கேள்வி: கொடுமுடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மஞ்சள், போர்த் தண்ணீர். நாலு மாசப் பயிரில் குருத்து இலை நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் வெளுப்பு. மண் பரிசோதனையில் பி.எச். 8.3, சுண்ணாம்பு 5 சதம். ஏக்கருக்கு 20 கிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டும் மாறவில்லை. ஜிப்சம் போட்டால் காரம் இறங்குமா? அமிலம் விடலாம் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: வணக்கங்க. குருத்து வெளுத்து அடியிலை பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறைதான். ஆனால் உங்க மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அது கரையாமல் கிடக்கிறது. பி.எச். ஒரு புள்ளி ஏறினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகும். கரையும் இரும்போ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நீங்க போட்ட அன்னபேதியும் அந்த மண்ணில் காற்றுப்பட்டுத் துருவாகிவிட்டது.

ஜிப்சம் வேண்டாங்க. அது நடுநிலை உப்பு, சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் மருந்து. உங்களுடையது சுண்ணாம்பு மிகுந்த சுக்காங்கல் மண். ஒரு கட்டியில் வினிகர் விட்டால் நுரை பொங்கும்.

அமிலம் விடுமுன் கணக்கைப் பாருங்க. ஏக்கரில் மேல் அரையடி மண் சுமார் 9 லட்சம் கிலோ. அதில் 5 சதம் என்றால் 45 டன் சுண்ணாம்பு. 100 கிலோ சுண்ணாம்பைத் தீர்க்க 98 கிலோ கந்தக அமிலம் வேண்டும். ஆக 44 டன்! அதுவரை எவ்வளவு ஊற்றினாலும் சுண்ணாம்பு அதை விழுங்கிவிட்டு பி.எச்.சைப் பழைய இடத்திலேயே நிறுத்தும். பிளஸ் டூ பிள்ளைகள் தாங்கல் கரைசல் என்று படிப்பது இதைத்தான். காசையும் கையையும் சுட்டுக்கொள்ளாதீங்க.

மண்ணை விட்டுவிட்டு இலைக்குக் கொடுங்க. 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 50 கிராம் அன்னபேதி. வரிசை முக்கியம்: போர்த் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டை அமிலம் முதலில் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் டேங்க்கிலேயே துருப்பிடிக்கும். கலவை செம்பழுப்பாக மாறினால் கொட்டிவிடுங்க. வெயில் தாழ்ந்த பிறகு குருத்து நனைய அடித்து, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்க.

வேர் வழியாகவே கொடுக்க நினைத்தால் இடிடிஎச்ஏ (EDDHA) இரும்பு வாங்குங்க, அது கார மண்ணிலும் கரைந்தே நிற்கும். விலை அதிகம்தான், ஆனால் மலிவான இடிடிஏ (EDTA) இரும்பு இந்த மண்ணில் நிலைக்காது. மேலுரத்துக்கு அம்மோனியம் சல்பேட் நல்லது, வேரோரம் கொஞ்சம் அமிலம் தரும். மேலாக வீசினால் சுண்ணாம்பு பட்டு அம்மோனியாவாகப் பறந்துவிடும், குழியிட்டு மூடுங்க.

பாத்தியில் தண்ணீர் தேங்கினால் பைகார்பனேட் கூடி வெளுப்பு இன்னும் ஏறும், வடித்துவிடுங்க. இரண்டாம் தெளிப்புக்குப் பிறகும் புதுக் குருத்து வெளுத்தே வந்தால் ஒரு செடியைத் தோண்டி, கிழங்கிலும் வேரிலும் அழுகல் இருக்கிறதா என்று பாருங்க.