கன்னத்துக்கும் அரைப் பேரா?

"அக்கா, எனக்கு வயது 23. மஸ்கெலியாப் பக்கத் தோட்டம். ஐந்து வயதில் இடது கன்னத்துக்குள் புற்றுநோய்க் கட்டி வந்து, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். சுகமாகிவிட்டது. ஆனால் இடது தாடை சிறுத்து, கன்னம் குழி விழுந்திருக்கிறது. சின்ன வயதுப் போட்டோவில் இவ்வளவு தெரியவில்லை, போகப் போகத்தான் கூடியது. பஸ்ஸில் எப்போதும் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். மாமா மகள் கல்யாண ஆல்பத்தில் நான் நேராகப் பார்க்கிற படம் ஒன்றுகூட இல்லை. வாயைத் திறந்தால் அம்மா 'உசுரு தப்பினதே பெருசு' என்பார். நான் நன்றி கெட்டவளா? ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?"

பெயர் வேண்டாம், மஸ்கெலியா

தங்கச்சி, அந்த ஆல்பம் பற்றி எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். கல்யாண வீட்டில் நாள் முழுக்க வலது கன்னத்தையே காட்டிக்கொண்டு நிற்பது லேசான வேலையா? பந்தியில்கூட நீ நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாய்.

உயிர் தப்பியது பெரிய விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்களே, உன் கவலைக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். உயிர் பிழைத்த சந்தோஷமும் முகத்தைப் பற்றிய துக்கமும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். நன்றி கெட்டவள் என்ற பேச்சை இத்தோடு விடு.

போகப் போக ஏன் கூடியது என்று உனக்கு யாரும் விளக்கவில்லை போலிருக்கிறது. கட்டிதான் உள்ளே திரும்ப வளர்கிறதோ என்று ராத்திரியில் தடவிப் பார்த்திருப்பாய். கரண்ட் வைத்தது கட்டியை அழித்தது. அதே இடத்தில் வளர வேண்டிய எலும்பையும் தசையையும் மந்தப்படுத்தியது. ஐந்து வயதில் இரண்டு கன்னமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதன்பிறகு வலது பக்கம் வயதுக்கேற்ப வளர, இடது பக்கம் பின்தங்கிவிட்டது. பெரியபிள்ளையாகும் வயதில் முகம் மளமளவென்று வளரும், வித்தியாசம் பளிச்சென்று தெரிவதும் அப்போதுதான். வியாதி முடிந்து இத்தனை வருடம் கழித்து முகம் மாறியதற்குக் காரணம் இதுதான். ஆனாலும் புதிதாகக் கட்டி, வலி, வாய் திறக்கச் சிரமம் ஏதாவது வந்தால் காத்திருக்காதே, உடனே கிளினிக் போ.

ஆபரேஷனுக்கு வருவோம். வளர்ச்சி முடிந்த வயது என்பதால் இது கேட்டுப் பார்க்கச் சரியான நேரம். வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பை எடுத்துக் குழி விழுந்த கன்னத்தில் ஏற்றும் முறை ஒன்று உண்டு. ஏற்றியதில் ஒரு பங்கை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை செய்ய நேரலாம். தாடை எலும்பைச் சீராக்கும் ஆபரேஷன் இதைவிடப் பெரியது. கரண்ட் பட்ட இடம் ஆற நாள் பிடிக்கும், ஆகவே பியூட்டி பார்லரில் ஊசி போடுகிற ஆட்களிடம் தயவுசெய்து போகாதே. கொழும்பு தேசிய மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசில்லை. மகரகம கிளினிக்கில் கடிதம் கேள். அச்சாக இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்த்துப் போகாதே. பல்லையும் காட்டு, சின்ன வயதில் தாடையில் கரண்ட் பட்டால் பல் வேர் கட்டையாகலாம். வெயிலில் போகும்போது அந்தக் கன்னத்தை மூடிக்கொள்.

அது வரைக்கும் இந்தப் பஸ் பிரச்சினை இருக்கிறதே. உற்றுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வசனம் தயாராக வைத்துக்கொள்: "சின்ன வயசுல கேன்சர் வந்துச்சு, கரண்ட் வச்சாங்க, இப்ப சுகம். நீங்க எங்க எறங்கணும்?" கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பார். முதல் தடவை நாக்கு குழறும். "ஒட்டுமா?" என்று கேட்கிற மகராசியும் இருப்பார், ஒட்டாது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்.

தூக்கம் கெட்டு, வெளியே போகவே பிடிக்காமல் வாரக்கணக்கில் இழுத்தால் ஆதார ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் கேள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

கடைசியாக அம்மா. கரண்ட் வைக்கக் கையெழுத்துப் போட்டவர் அவராகத்தான் இருக்கும். எத்தனை நாள் பேர் இழந்து மகரகமயில் வார்ட்டுக்கு வெளியே கிடந்தாரோ. 'உசுரு தப்பினதே பெருசு' என்று அவர் உன் வாயை அடைப்பது, 'ஏன் கையெழுத்துப் போட்டே?' என்று நீ கேட்டுவிடுவாயோ என்ற பயத்தில் என்றுதான் எனக்குப் படுகிறது. அன்றைக்கு அந்தக் கரண்ட் தேவைப்பட்டது என்று உன் வாயாலேயே அவரிடம் சொல். அதன்பிறகு, பழைய கிளினிக் கொப்பி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று கேள். தூக்கிப் போட்டிருக்க மாட்டார்.