கணினிப் பயிற்சியால் ஓசிடி கட்டுக்குள் வருமா?

கேள்வி: எனக்கு 34 வயது. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினேனா என்ற சந்தேகம் சில ஆண்டுகளாக என்னை வாட்டுகிறது. வேலைக்குக் கிளம்பும்முன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். பஸ் ஏறிய பிறகும் கணவரை அழைத்துக் கேட்கிறேன். மனநல மருத்துவர் ஓசிடி (வேண்டாத எண்ணமும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் உந்துதலும் வாட்டும் மனநலக் கோளாறு) என்று சொல்லி மாத்திரை தந்திருக்கிறார். கணினியில் விளையாட்டு போன்ற ஒரு பயிற்சியைச் செய்துவந்தால் இந்த உந்துதலை அடக்க முடியும் என்று படித்தேன். அது மட்டும் போதுமா?
– வாசகி, சேலம்

பதில்: அது மட்டும் போதாது.

நீங்கள் படித்தது அநேகமாக இந்த வகையாக இருக்கும்: திரையில் அம்புக்குறி வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், இடையில் ஓர் ஒலி கேட்டால், அழுத்தப் போன விரலை நிறுத்திவிட வேண்டும். ஓசிடி உள்ளவர்களுக்கு இப்படிச் சட்டென்று நிறுத்துவது சராசரியாகச் சற்றுத் தாமதமாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைப் பழக்கினால், திரும்பத் திரும்பப் பார்ப்பது போன்ற கட்டாயச் செயலும் குறையும் என்பது கணக்கு. விளையாட்டில் கை தேர்ந்துவிடும்தான். அந்தத் தேர்ச்சி சமையலறை வரை வருமா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. அம்புக்குறியில் தவறினால் யாருக்கும் நெஞ்சு படபடப்பதில்லை. ரெகுலேட்டரை மறுபடி பார்க்காமல் படியிறங்கினால் உங்களுக்குப் படபடக்கிறது. நீங்கள் பழக வேண்டியது அந்தப் படபடப்போடு.

உங்கள் சிக்கலுக்கு நேராகப் பொருந்தும் கணினிச் சோதனை வேறொன்று உண்டு. நெதர்லாந்தின் வான் டென் ஹவுட், கிண்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டது. ஓசிடி இல்லாத மாணவர்களைத் திரையில் ஒரு கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, அணைத்து, சரிபார்க்கச் சொன்னார்கள், மறுபடியும் மறுபடியும். கடைசியாக எந்தக் குமிழைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டபோது சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கலாக இருந்தது. தங்கள் நினைவின் மீதே நம்பிக்கை குறைந்திருந்தது. சந்தேகம் தீரத்தான் பார்க்கிறீர்கள். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்கிறது. நீங்கள் எடுக்கும் படமும் கணவரிடம் கேட்கும் கேள்வியும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இந்தச் சுழலை உடைப்பதில் நன்கு நிரூபணமான உளவியல் சிகிச்சை ‘ஈஆர்பி’. அதில், பயத்தைத் தூண்டும் சூழலுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். வழக்கமான கட்டாயச் செயலைச் செய்யாமல் இருக்க வேண்டும். ரெகுலேட்டரை ஒருமுறை மூடுங்கள், கிளம்புங்கள், திரும்பாதீர்கள். பதற்றம் ஏறும், பெரும்பாலும் தானாகவே இறங்கும். இறங்கத் தாமதமானாலும், அதைச் சுமந்துகொண்டே அன்றைய வேலையைப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்வதே பாதி வெற்றி. படத்தை விடுவதா, கணவருக்கு அழைப்பதை விடுவதா, எதை முதலில் என்பதைச் சிகிச்சையாளருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

கணினி உதவுவது இங்கேதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 218 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், தொலைபேசி வழியே கணினி சொல்லித்தந்த ஈஆர்பியை 10 வாரம் செய்தவர்களுக்கு, ஓசிடியை அளக்கும் 40 புள்ளி அளவுகோலில் சராசரியாக 5.6 குறைந்தது. சிகிச்சையாளரிடம் நேரில் பயின்றவர்களுக்கு 8. வெறும் தளர்வுப் பயிற்சி செய்தவர்களுக்கு 1.7 மட்டுமே. ஆக, நல்ல சிகிச்சையாளர் எட்டும் தூரத்தில் இல்லாதபோது இத்தகைய நிரல் கைகொடுக்கும். ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அது ஈஆர்பியைச் சொல்லித்தருகிறதா, விளையாட்டோடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓசிடிக்குத் தரும் மருந்துகளின் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். சிகிச்சையாளரைப் பற்றி உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணிலும் தமிழில், கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். கணவர் கோபப்படவும் வேண்டாம், “மூடிவிட்டாய்” என்று உறுதி தரவும் வேண்டாம். “இதற்குப் பதில் சொல்வதில்லை என்று பேசியிருக்கிறோம்” என்றால் போதும். இதை முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். திடீரென்று மறுத்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

விளையாட்டுப் பயிற்சியையும் செய்து பார்க்க ஆசையென்றால் செய்யுங்கள், தீங்கில்லை. மதிப்பெண் முழுமையாக வரவில்லையே என்று மறுபடி மறுபடி ஆடத் தொடங்கினால் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.